உன் அப்பா வைத்த சீல்

முரளி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. "அம்மாவுக்கு மட்டும்" என்று உறையின் மேல் எழுதி அடிக்கோடு வேறு போட்டிருந்தாய். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் உன் அப்பா அதை முதலில் பிரித்தார். ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்திருக்கிற மனிதருக்குத் தபால்காரரை விட்டால் வேறு என்ன பொழுதுபோக்கு? படித்து முடித்து, பழையபடி மடித்து, அதே உறையில் போட்டு, சோற்றுப் பருக்கையால் ஒட்டி, "உனக்குத்தான் வந்திருக்கு" என்று ஒன்றும் தெரியாதவர் மாதிரி என்னிடம் நீட்டினார். பருக்கை காயக்கூட இல்லை. அதனால் "அப்பாவிடம் பக்குவமாகப் பேச்சைத் தொடங்கிக் கேள்" என்று நீ எழுதியிருந்ததற்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. அவர் என்ன சொன்னார் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். அதை மட்டும் தேடிப் படித்துவிட்டு மற்றதை மடித்து வைத்துவிடாதே. உன்னைப் பெற்றவளுக்கு உன் சுபாவம் தெரியும்.

நீ எழுதியிருப்பதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பார். பொங்கலுக்கு வாங்கின புது பைக். அதற்கு இன்னும் பாதி வாரண்டி மீதி இருக்கிறது. கோயம்புத்தூரில் உன்னோடு வேலை செய்கிற பையன்கள் ரேஸுக்குப் பேர் கொடுத்திருக்கிறார்கள், உனக்கும் கை அரிக்கிறது. என்ஜினைத் திறந்து, சிலிண்டருக்குள் பெட்ரோல் போகிற வழியை, போர்ட் என்பாயே அதை, தேய்த்து அகலமாக்கி, கார்புரேட்டரில் பெட்ரோல் பாய்கிற ஜெட்டையும் பெரிய ஓட்டை உள்ளதாகப் போட்டால் வண்டி பறக்கும். திறந்த மறுநிமிஷம் கம்பெனி கையை உதறிவிடும். அப்புறம் என்ஜினுக்குள் எது போனாலும் உன் தலையில்தான். இதில் குழந்தை பிறந்துவிட்டால் அதற்கப்புறம் ரேஸ் எல்லாம் ஏது அம்மா, இதுதான் கடைசி தடவை என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை நான் இரண்டு தடவை படித்தேன், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அதற்கு அடுத்த வரியில், "கலைக்கு இது தெரிய வேண்டாம், இந்த நேரத்தில் அவளுக்கு எதற்கு டென்ஷன்" என்று எழுதினாயே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. ஐந்து மாசப் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு தினமும் அந்த வண்டியின் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்கூட வேலைக்குப் போகிறவள் அவள். ஆஸ்பத்திரிக்குப் போவதும் அதில்தான். அவளுக்குத் தெரிய வேண்டாமாம்.

உன்னுடைய முதல் வண்டியின் கதை கலைக்குத் தெரியாது. கல்யாணமான புதிதில் சொல்லலாம் என்று வாயெடுத்தேன், அப்பா கண்ணாலேயே அடக்கிவிட்டார். உனக்கு அந்தக் கதை தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் சித்தி வீட்டு விசேஷங்களில் அதை நீ நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறாய். ஆனால் உனக்குத் தெரிந்தது பாதிதான். மீதிப் பாதி வீட்டில் நடந்தது, அதை நான் மட்டும்தான் பார்த்தேன். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆவடி ஃபேக்டரியில் உன் அப்பாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "என்ஜினைப் பாஸ் பண்றது" என்பார். ராணுவ வண்டிகளின் என்ஜினை ஓட விட்டு, சத்தம் கேட்டு, சூடு பார்த்து, எல்லாம் சரியென்றால் முக்கியமான நட்டுகளில் இருக்கிற துளை வழியாக மெல்லிய கம்பியைக் கோத்து, இரண்டு நுனியையும் ஓர் ஈயக் குண்டில் செருகி, நசுக்கி மூடிவிடுவார். அதுதான் சீல். அதற்குப் பிறகு அந்த நட்டில் யாரும் ஸ்பானர் வைக்கக் கூடாது. அந்தப் பழக்கம் ஃபேக்டரியோடு நிற்கவில்லை, வீட்டுக்கும் வந்தது. குவார்ட்டர்ஸில் நம் ஊறுகாய் ஜாடியின் துணியை அவர் ஒரு மாதிரி முடிச்சுப் போட்டுக் கட்டுவார், ஞாபகம் இருக்கிறதா? நீ திறந்து ஒரு துண்டு மாங்காய் எடுத்தால்கூட அந்த முடிச்சு காட்டிக் கொடுத்துவிடும். நீயும் லேசுப்பட்டவனா? ஜாடியின் அடியைத் திறக்க முடியுமா என்று பார்த்தவன்தானே.

நீ அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அந்தப் பைக் வந்தது. நம் வீட்டுக்கு வந்த முதல் மோட்டார் வண்டி. மாங்காடு அம்மன் கோயிலில் வைத்துப் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, என்னைப் பின்னால் உட்கார வைத்துப் பூந்தமல்லி வரைக்கும் ஓட்டினாய். கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் வந்தேன், ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. இரண்டு மாசம்கூட ஆகவில்லை, பூந்தமல்லி மெக்கானிக் பஷீர் பாய் கடையே கதி என்று ஆகிவிட்டாய். உன் பேச்சில் பாதி ஆவடி, பாதி பாய் கடை. ஒருநாள் சாப்பிடும்போது ஆரம்பித்தாய்.

"ஒரு ஜெட்ட மாத்தி, போர்ட்ட லேசா தேய்ச்சா போதும்ப்பா. வண்டி சும்மா பிச்சிக்கினு போவும்."

"போவும் இல்லடா, போகும். வாரண்டி கார்டுல என்ன போட்டிருக்கான்னு படிச்சியா?"

"படிச்சேன். கம்பெனிக்காரன் பயந்துகினு என்ஜின கட்டிப் போட்டு வெச்சிக்கீறாம்ப்பா."

"கட்டிப் போட்டவன் பொறுப்பும் ஏத்துக்கறான். நீ அவுத்து விட்டுட்டா அப்புறம் யாரு பொறுப்பு?"

ரசம் ஆறிக்கொண்டிருந்தது. எனக்கு இரண்டு பேர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. அந்த வண்டிக்குள் இன்னும் கொஞ்சம் வேகம் இருக்கிறது, அதை எடுக்காமல் விடுவதற்கு உனக்கு மனசு வரவில்லை. ஏதாவது ஆனால் தாங்கிக்கொள்ள ஒருவன் எங்கேயோ ஆபீஸ் போட்டு உட்கார்ந்திருக்கிறான், அவனை விட்டுவிட அவருக்கு மனசு வரவில்லை. கடைசியில் நீதான் இறங்கி வந்தாய். "சரிப்பா, வாரண்டி முடியற வரைக்கும் தொட மாட்டேன்" என்றாய். சோற்றுக் கையோடு சொன்ன வாக்கு. நீ அதைக் காப்பாற்றினாய் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்த மாசங்களில் நீ எண்ணெய்க் கை இல்லாமல் வீட்டுக்கு வந்தாய். அதுவே எனக்கு அதிசயமாக இருந்தது.

ஆனால் உன் அப்பாவுக்கு வாக்கு போதவில்லை. நீ சிநேகிதன் கல்யாணத்துக்கு வேனில் போன ஞாயிற்றுக்கிழமை அவர் கொல்லைப்புறத்தில் பாயை விரித்து, வண்டியின் பெட்ரோல் டேங்கைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். நான் காபி கொண்டு போனேன். என்ஜின் தலையில் இருந்த நட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, அதற்குப் பதிலாகத் துளை போட்ட நட்டுகளை மாட்டிக்கொண்டிருந்தார். திருமழிசையில் தெரிந்தவர் பட்டறையில் சொல்லிச் செய்து வாங்கினதாம். ஆபீஸில் இருந்து ஒரு குண்டூசி கொண்டு வர மாட்டாரே, அதனால் கம்பியும் ஈயமும் பாரிமுனையில் வாங்கியிருந்தார். கம்பியைக் கோத்து, ஈயத்தை இடுக்கியால் நசுக்கி, என் தையல் மிஷின் ஊசியால் அதன்மேல் தன் இனிஷியலைக் கீறினார்.

"என்னங்க பண்றீங்க?"

"பாதுகாப்பு."

"அவன்தான் தொட மாட்டேன்னு சொல்லிட்டானே. பார்த்தா கோபப்படப் போறான்."

"திறக்காதவனுக்கு எதுக்குக் கோபம் வருது? டேங்கைக் கழட்டினாத்தானே இது கண்ணுலயே படும்."

டேங்கை மாட்டினார், துடைத்தார், காபி ஆறிவிட்டது என்று என்னைக் கோபித்துக்கொண்டார். பார்ப்பதற்கு ஒன்றும் தெரியவில்லை.

கொஞ்ச நாளில் என்ஜினுக்குள் கடகடவென்று சத்தம் வந்தது. பேரிங் போய்விட்டது, அது கம்பெனியின் கோளாறு, வாரண்டியில் மாற்றிக் கொடுப்பார்கள் என்று நீ தைரியமாக இருந்தாய். உன்னைவிட அவர் தைரியமாக இருந்தார். லீவு போட்டு, சலவைச் சட்டை போட்டு, பையில் பேனா செருகிக்கொண்டு, என்னமோ பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி உன்னோடு அம்பத்தூருக்குக் கிளம்பினார். அங்கே நடந்ததைத்தான் நீ எல்லோருக்கும் நடித்துக் காட்டுவாய். ஷோரூம் மெக்கானிக் டேங்கைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றுவிட்டானாம்.

"இன்னா சார் இது? யாரு சார் என்ஜின திறந்தது?"

"யாரும் திறக்கலை. நல்லாப் பாருங்க, சீல் அப்படியே இருக்கு" என்றாராம் அப்பா, பெருமையாக.

"சார், கம்பெனில இங்க சீலே வெக்கறதில்ல சார். நட்டும் கம்பெனி நட்டு இல்ல. எவனோ கைய வெச்சிக்கீறான்."

நீ சத்தியம் பண்ணினாய். அப்பா முன்னால் வந்து, "நான்தான்" என்றார். உள்ளே இருந்து மானேஜர் வந்து மரியாதையாகத்தான் சொன்னாராம்: நட்டைக் கழற்றினால் திறந்ததாகத்தான் கணக்கு, திறந்த என்ஜினுக்கு வாரண்டி கிடையாது, ரூல் சார். யாருமே திறக்கக் கூடாது என்று அப்பா வைத்த சீல்தான் திறந்ததற்குச் சாட்சியாகிவிட்டது. உத்தியோகத்தில் வாழ்நாள் முழுக்க அதே வார்த்தையைச் சொல்லி வந்த மனிதர் அதற்கு மேல் என்ன வாதாடுவார்? "ரூல்னா ரூல்தான்" என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். இந்த இடத்தில் சித்தி வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய். ஆனால் அன்றைக்கு நீ சிரிக்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றுகொண்டு, "நான் தொடலப்பா. தொடுவேன்னு நீங்க நெனச்சீங்க இல்ல?" என்று கேட்டாய். வாரண்டி போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். அந்தக் கேள்வியை இன்றைக்கும் நான் மறக்கவில்லை.

இனி நீ பார்க்காத பாதி. மறுநாள் காலை நீ ஷிஃப்டுக்குப் போனபிறகு அப்பா சமையற்கட்டு வாசலில் வந்து நின்றார். டீ வேண்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். போகவும் இல்லை. நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். "அவன் வாக்குக் கொடுத்தான். நான் அது மேல ஈயத்தை வெச்சேன்" என்றார். அவ்வளவுதான். அவர் அழுது நான் பார்த்ததில்லை, அன்றைக்கும் அழவில்லை, ஆனால் முகம் அப்படி இருந்தது. "அவன்கிட்டயே சொல்லுங்களேன்" என்றேன். உங்கள் வீட்டு ஆண்களுக்கு அது மட்டும் வாயில் வராதே. மறுபடியும் லீவு போட்டுவிட்டு, பஸ் ஏறித் தனியாகப் பூந்தமல்லிக்குப் போய்ப் பஷீர் பாய் கடையில் நின்றிருக்கிறார். இத்தனை நாளும் அந்தக் கடையைப் பிள்ளையைக் கெடுக்கிற கடை என்று திட்டினவர். இதைப் பாய்தான் ரொம்ப நாள் கழித்து என்னிடம் சொன்னார்.

"எம்மா, சார் வந்து நின்னாரு. நான் பயந்துட்டேன், சண்டைக்கு வந்துட்டாரோன்னு. 'என் பையன் கேட்டத எல்லாம் செய்ய முடியுமா பாய்'னு கேக்கறாரு. செஞ்சுடலாம் சார், எப்படியும் பேரிங்குக்கு முழுசா பிரிக்கணும், எது எது செய்யலாம்னு நீங்களே சொல்லுங்கன்னேன். 'என்ன கேக்காதீங்க, வண்டி அவனோடது, அவனக் கேளுங்க'ன்னுட்டாரு."

பாய் திடீரென்று உன்னைக் கூப்பிட்டு "போர்ட்டு தேய்க்கலாமா தம்பி" என்று கேட்டதற்குக் காரணம் இதுதான். உன் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டாய் நீ.

அப்புறம் சோழவரம் ரேஸ். பழைய விமான ஓடுதளத்தில் வெயில் தகித்தது. ஓட்டிக்கொண்டு போன வண்டியிலேயே ஹெட்லைட்டையும் கண்ணாடியையும் கழற்றி என் மடியில் கொடுத்துவிட்டு, நம்பரை டேப்பால் ஒட்டிக்கொண்டு நீ கோட்டில் நின்றாய். எனக்கு வண்டியும் தெரியவில்லை, நீயும் தெரியவில்லை, சத்தம் மட்டும்தான். பக்கத்தில் யாரோ விசிலடித்தார்கள். யாரடா இந்த ரௌடி என்று திரும்பிப் பார்த்தால் உன் அப்பா! நீ ஜெயிக்கவில்லை. நடுவில் எங்கேயோ வந்தாய். ஆனால் ஹெல்மெட்டைக் கழற்றினபோது உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை உன் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. இதைக் கலையிடம் சொல்லிவிடாதே.

திரும்பும்போது நீங்கள் இரண்டு பேரும் வண்டியில் கிளம்பினீர்கள், நான் பஸ்ஸில் வந்தேன். ரெட்ஹில்ஸ் தாண்டினதும் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், ரோட்டோரத்தில் இரண்டு பேர் ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். சூட்டில் பிஸ்டன் இறுகி வண்டி நின்றேவிட்டது. நான் எழுந்து, "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தினேன்.

"இன்னாம்மா, ஸ்டாப்பிங்கு இன்னும் வரலியே?" என்றார் கண்டக்டர்.

"அது என் புருஷனும் பிள்ளையும்ப்பா."

பஸ் முழுக்கச் சிரித்தது. கண்டக்டரே விசில் கொடுத்து இறக்கிவிட்டார். நீ ஹாண்டிலைப் பிடித்திருந்தாய், அப்பா பின்னால் தள்ளினார், நான் ஒரு கையில் ஹெல்மெட்டும் இன்னொரு கையில் ஹெட்லைட்டுமாகக் கூடவே நடந்தேன். கள்ளிக்குப்பம் மேட்டில் அந்த இரண்டையும் சீட்டின் மேல் கட்டிவிட்டு நானும் ஒரு கை கொடுத்தேன். போன் பண்ண ஷோரூம் இல்லை, வந்து எடுத்துப்போக ஆள் இல்லை. அப்பா ஒரு தடவைகூட "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லவில்லை. நீ பேசிக்கொண்டே வந்தாய், எந்த வளைவில் யாரைத் தாண்டினாய் என்று. அவர் "அப்புறம்?" "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே தள்ளினார். என் செருப்பு வார் அறுந்தது, புடவையெல்லாம் கிரீஸ். ஆனாலும் நம் மூன்று பேருக்கும் அதுபோல ஒரு நல்ல நாள் அமைந்ததில்லை என்று எனக்குத் தோன்றும்.

ஆகையால் முரளி, வாரண்டியா வேகமா என்று கேட்டால் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வாரண்டி என்பது, நின்று போனால் கம்பெனிக்காரன் தள்ளுவான் என்பது. அதை நீ விடுகிறாயென்றால் விடு, தப்பில்லை. ஆனால் அதற்கப்புறம் வண்டியைத் தள்ளப் போகிறவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தான். அவர்களைக் கேட்காமல் விடக் கூடாது. அன்றைக்கு அப்பாவுக்கும் உனக்கும் நடுவில் கெட்டுப்போனது என்ஜின் இல்லை. உன்னிடம் சொல்லாமல் உன் வண்டியில் அவர் கை வைத்தார், அதுதான் உன்னைச் சுட்டது. இன்றைக்கு நீ கலையிடம் சொல்லாமல் அவள் போய்வருகிற வண்டியில் கை வைக்கப் பார்க்கிறாய். அவர் மூடப் பார்த்தார், நீ திறக்கப் பார்க்கிறாய், வித்தியாசம் அவ்வளவுதான். டென்ஷன் ஆவாள் என்று நீ அவளுக்காக முடிவு பண்ணுகிறாயே, அவளைக் கேட்டாயா? மாங்காட்டுப் பெண் அவள். கூட்டமான பஸ்ஸில் கல்லூரிக்குப் போய் வந்தவள். உன்னைவிடத் தைரியசாலி.

அப்பாவிடம் கேட்கச் சொன்னாயே. பருக்கை ஒட்டின உறையை நான் பிரித்துப் படித்து முடிக்கும் வரைக்கும் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். "என்ன சொல்றீங்க?" என்றேன். "வாரண்டி முடியட்டும். அதுக்கப்புறம் என்ன வேணா பண்ணட்டும்" என்றார் கறாராக. பட்டாபிராம் ஸ்டேஷன் வரைக்கும் நடந்துவிட்டு வருகிறேன் என்று போனவர், தெரு முனையில் இருந்தே திரும்பி வந்து, "எந்த ஜெட் போடறான்னு கேட்டு எழுது" என்றார். இரண்டையும் அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன். எது அவருடைய தீர்ப்பு என்று நீயே தெரிந்துகொள்.

என் விருப்பம் என்ன என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். எனக்குப் பயம்தான். நீ விழுவாயோ, அவள் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் வண்டி நின்றுவிடுமோ என்று பயம். ஆனாலும் நீ ஓட்ட வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. ஹெல்மெட்டைக் கழற்றினபோது இருந்த அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டும், அதைக் கலையும் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உங்கள் கீழ்வீட்டுக்காரர் போனுக்குக் கூப்பிடுவேன். நீ வராதே. கலையை மெதுவாக இறங்கி வரச் சொல். சாப்பிட்டாயா, தூங்கினாயா, குழந்தை அசைகிறதா எல்லாம் அப்புறம். முதலில், "முரளி வண்டியைத் திறக்கணும்னு சொல்றானே, நீ என்னம்மா சொல்றே?" என்று கேட்பேன். வேண்டாம் அத்தை என்று சொன்னால் நீ வாரண்டி முடிகிற வரைக்கும் அதைத் தொடக் கூடாது. சரி அத்தை என்று சொன்னால் நாங்கள் இரண்டு பேரும் ரேஸுக்கு முன்னாலேயே வந்துவிடுகிறோம். அந்த மாசம் அவளைக் கூட்டிக்கொண்டு போக வர ஆட்டோ பிடிப்பது அப்பா பொறுப்பு. "என்ன வண்டி அத்தை? எனக்கு ஒண்ணும் தெரியாதே" என்று அவள் சொன்னால், அன்றைக்கு வாசற்படியில் நின்று நீ கேட்ட கேள்வியை, "வேண்டாம்னு சொல்லுவேன்னு நீங்க நெனச்சீங்க இல்ல?" என்று அவள் உன்னைக் கேட்பாள். அதற்கு உன் அப்பாவிடமும் பதில் இருக்கவில்லை.

அவள் பக்கத்து அறையில்தான் இருப்பாள். எழுந்து போய்ச் சொல்லடா.

அம்மா